யானைக்கால் சுவரொட்டி எதைக் காட்டாமல் விடுகிறது? வெப்பமண்டல நோய்களும் மருத்துவ ஓவியமும்

ஜனவரி 30-க்கு இரண்டு பெயர்கள் உண்டு. காந்தி நினைவு நாளான அன்றைக்கு இந்தியாவில் தொழுநோய் எதிர்ப்பு நாள். உலக சுகாதார மாமன்றம் 2021-ல் எடுத்த முடிவின்படி அதே நாள், புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களுக்கான உலக நாளும் ஆகும். அந்த வாரத்தில் மும்பையின் அரசு மருத்துவமனை வாசல்களிலும் செய்திகளிலும் சில படங்கள் திரும்பத் திரும்ப வரும். தூண்போல் வீங்கிய கால், மடங்கிப்போன விரல்கள், பூதாகாரமான கொசு.

தாராவியிலும் மாட்டுங்கா லேபர் கேம்ப்பிலும் சயான்-கோலிவாடாவிலும் வாழும் தமிழர்களுக்கு அந்தப் படங்களைப் பார்த்ததும் எழக்கூடிய கேள்விகள் நியாயமானவை. எனக்குத்தான் கால் வீங்கவில்லையே, ஊரில் எதற்கு மாத்திரை தருகிறார்கள்? பிள்ளையின் கன்னத்தில் இருப்பது தேமலா, குஷ்டமா? டெங்குவைப் பற்றி மழைக்காலம் முழுக்கச் செய்தி வருகிறது, அது எப்படிப் புறக்கணிக்கப்பட்ட நோய்?

மூன்றாவது கேள்விக்குப் பட்டியலைப் பார்த்தால் விடை கிடைத்துவிடும். முதல் இரண்டும் பெரும்பாலும் படம் வரைந்த விதத்தால் முளைப்பவை.

பட்டியலில் என்ன இருக்கிறது

உலக சுகாதார நிறுவனத்தின் பட்டியலில் இப்போது 21 நோய்களும் நோய்த் தொகுதிகளும் உள்ளன. கடைசியாக 2023 டிசம்பரில் நோமா என்ற வாய் அழுகல் நோய் சேர்ந்தது. உலகில் நூறு கோடிக்கும் மேற்பட்டவர்களை இவை பாதிக்கின்றன. "புறக்கணிக்கப்பட்ட" என்ற சொல் நோயின் தீவிரத்தை அளப்பதில்லை. மருந்து ஆராய்ச்சிக்கும் மருத்துவ வசதிக்கும் பணம் எங்கே போகிறது, எங்கே போவதில்லை என்பதை அது சொல்கிறது. டெங்குவுக்குச் செய்தித்தாளில் இடம் உண்டு. அந்த வைரஸைக் கொல்லும் தனி மருந்து இன்னும் கிடையாது. அதனால் அது பட்டியலில் இருக்கிறது. மும்பைக்காரர்கள் ஒவ்வொரு மழைக்கும் அஞ்சும் லெப்டோஸ்பைரோசிஸ், அதாவது எலிக்காய்ச்சல், பட்டியலில் இல்லை. எல்லாப் பட்டியல்களையும் போல இதற்கும் சில விசித்திரங்கள் உண்டு.

இந்தியாவுக்கு நெருக்கமானவை யானைக்கால், தொழுநோய், மணல் ஈயால் பரவும் காலா அசார் காய்ச்சல், வெறிநாய்க்கடி, பாம்புக்கடி, குடற்புழுக்கள், சொறிசிரங்கு, டெங்கு, சிக்குன்குனியா. சிலவற்றை நாடு வென்றும் இருக்கிறது. நரம்புச் சிலந்தி என்ற புழுநோய் ஒழிந்த நாடு என்று 2000-ல் சான்று கிடைத்தது. யாஸ் என்ற தோல்நோய்க்கு 2016-ல். கண்பார்வையைப் பறிக்கும் டிரக்கோமா, பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையைக் கடந்துவிட்டதாக 2024-ல் அறிவிக்கப்பட்டது.

புகைப்படம் போதாதா?

மருத்துவ ஓவியம் என்பது அழகுக்காக வரைவதல்ல. நோயையோ உடலையோ பற்றிய ஓர் உண்மையை, பார்ப்பவருக்குப் புரியும்படி, தேவையற்றதை நீக்கி வரைவது. கைபேசியிலேயே நல்ல கேமரா இருக்கும் காலத்தில் அது எதற்கு என்றால், காரணங்கள் இவை.

1. தோலுக்கு அடியில் இருப்பதைச் சாதாரணக் கேமரா பார்க்காது. யானைக்கால் புழு குடியிருப்பது, திசுக்களில் தேங்கும் நீரை வடித்துக் கொண்டுபோகும் நிணநீர்க் குழாய்க்குள். அந்தக் குழாயை வெட்டித் திறந்ததுபோல் காட்ட ஓவியத்தால் முடியும்.

2. அளவு. முதிர்ந்த பெண் புழு 8 முதல் 10 சென்டிமீட்டர் நீளம். அதன் குஞ்சான மைக்ரோஃபைலேரியா ஒரு மில்லிமீட்டரில் கால் பங்குதான். இரண்டும் ஒரே படத்தில் வரவேண்டும்.

3. காலம். ஒரு நோய் பத்தாண்டுகளில் எப்படி வளர்கிறது என்பதை ஒரே தாளில் வரிசையாக வைக்கலாம். தஞ்சையை ஆண்ட இரண்டாம் சரபோஜி, கண் நோயாளிகளின் சிகிச்சைக் குறிப்புகளோடு அவர்களுடைய கண்களையும் ஓவியமாகத் தீட்டச் செய்தார். நோய்க்குறிப்போடு படமும் இருந்தால்தான் குறிப்பு முழுமையாகும் என்ற எண்ணம் நம்மிடம் இருநூறு ஆண்டுகளாக இருக்கிறது.

4. மானம். இதுதான் பெரிய காரணம் என்பது என் கருத்து. தொழுநோயாளியின் புகைப்படத்தில் கண்ணுக்குக் கறுப்புப் பட்டை போட்டாலும், அதே சாலில், அதாவது வரிசை வீட்டுக் குடியிருப்பில், இருப்பவர்களுக்கு அது யார் என்று தெரியும். மூக்குத்தி காட்டிக்கொடுக்கும், சேலைக்கரை காட்டிக்கொடுக்கும். 2019 வரை நம் திருமணச் சட்டங்களில் தொழுநோய் விவாகரத்துக்குக் காரணமாக இருந்தது. அப்படிப்பட்ட ஒரு நோய்க்கு ஒருவருடைய முகத்தைச் சுவரில் ஒட்டுவது, அவர் கையெழுத்துப் போட்டுச் சம்மதித்திருந்தாலும், யோசிக்க வேண்டிய காரியம். ஓவியத்தில் இருப்பவர் எந்தத் தெருவிலும் குடியிருப்பதில்லை.

மதுரையின் பெயர், பம்பாயின் ஓவியர்

இந்த விஷயத்தில் மும்பைக்கு ஒரு தனி உரிமை உண்டு. 1858-ல் லண்டனில் வெளியான "கிரேஸ் அனாட்டமி" உலகெங்கும் மருத்துவ மாணவர்கள் படித்த உடற்கூறியல் நூல். எழுதியவர் ஹென்றி கிரே. படங்களை வரைந்தவர் ஹென்றி வேண்டைக் கார்ட்டர். நரம்பின் பெயரை நரம்பின் மேலேயே, எலும்பின் பெயரை எலும்பின் மேலேயே எழுதியது கார்ட்டரின் உத்தி. படத்துக்கும் அடிக்குறிப்புக்கும் இடையே கண் ஓடவேண்டியதில்லை. ஆனாலும் தலைப்புப் பக்கத்தில் கார்ட்டரின் பெயரைச் சிறிய எழுத்தில் போடும்படி அச்சுப்படியில் கிரே குறித்திருந்தார்.

நூல் வந்த அதே ஆண்டில் கார்ட்டர் பம்பாய்க்கு வந்துவிட்டார். பைகுல்லாவில் உள்ள கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் பாடம் எடுத்தார். முப்பதாண்டுக் காலம் இந்தியாவில் பணி. இங்கே அவர் எடுத்துக்கொண்ட நோய்களைப் பாருங்கள்: தொழுநோய், யானைக்கால், பாதத்தில் வரும் ஒரு நோய். இன்றைய பட்டியலின் முன்வடிவம் மாதிரி இருக்கிறது.

அந்தப் பாதநோயின் கதை மதுரையில் தொடங்குகிறது. 1842-ல் மதுரையில் பணியாற்றிய ஜான் கில் என்ற மருத்துவர் அதைக் குறித்துவைத்தார். "மதுரா கால்" என்ற பெயர் அதனால்தான் நிலைத்தது. முள் குத்திய இடத்தில் வலியில்லாத வீக்கம் எழும்பும். பின் பல புரைகள் திறந்து, சீழோடு குருணை போன்ற மணிகள் வெளிவரும். கறுப்பு, வெள்ளை, மஞ்சள், சிவப்பு என மணியின் நிறம் மாறும். அந்த நிறம், காரணம் பூஞ்சையா பாக்டீரியாவா என்று ஊகிக்க உதவும். சிகிச்சையும் அதைப் பொறுத்தே அமையும். கார்ட்டர் இந்த நோய்க்கு மைசெடோமா என்று பெயர் வைத்தார். 1874-ல் வண்ணப் படங்களோடு தனி நூலே வெளியிட்டார். எழுத்தில் "கறுப்பு மணி" என்று படிப்பது ஒன்று. வெட்டிய பாதத்தின் எலும்பு இடுக்கில் மிளகுபோல் அவை சிதறிக் கிடப்பதைப் படத்தில் பார்ப்பது வேறு.

மைசெடோமா பட்டியலில் சேர்ந்தது 2016-ல். கார்ட்டர் நூலுக்கும் அதற்கும் நடுவே 142 ஆண்டுகள். வெறுங்காலோடு வயலில் நடப்பவர்களுக்கு வரும் நோய் என்பதைத் தவிர இந்தத் தாமதத்துக்கு வேறு விளக்கம் எனக்குத் தோன்றவில்லை.

கடைசிக் கட்டத்தை வரைவதால் வரும் வினை

இப்போது முதல் கேள்வி. கால் வீங்காதவருக்கு மாத்திரை எதற்கு?

யானைக்கால் நோய் நடக்கும் முறையைப் படிப்படியாகப் பார்க்கலாம்.

1. சாக்கடை நீரில் பெருகும் கியூலெக்ஸ் கொசு, நோயுள்ளவரின் ரத்தத்தோடு மைக்ரோஃபைலேரியாவையும் உறிஞ்சிக்கொள்கிறது. இந்தக் குஞ்சுகள் இரவில்தான் மேற்பரப்பு ரத்தத்தில் உலவும். ரத்தப் பரிசோதனைக்கு இரவு பத்து மணிக்கு மேல் ஆள் வருவதற்குக் காரணம் இதுதான்.

2. கொசுவுக்குள் வளர்ந்த குஞ்சு, அடுத்தவரைக் கடிக்கும்போது தோல்வழி நுழைகிறது.

3. நிணநீர்க் குழாயில் முதிர்ந்து, ஆறு முதல் எட்டு ஆண்டுகள்வரை உயிரோடிருந்து, லட்சக்கணக்கில் குஞ்சு ஈனுகிறது. இந்த ஆண்டுகளில் அந்த மனிதருக்கு வெளியில் தெரியும்படி ஒன்றும் இருக்காது. வேலைக்குப் போவார், பிள்ளை குட்டியோடு இருப்பார். அவரைக் கடிக்கும் கொசு ஊருக்குப் பரப்பிக்கொண்டே இருக்கும்.

4. நிணநீர்க் குழாய்கள் சிதைந்தபின், சிலருக்கு மட்டும், கால் அல்லது விரைப்பை வீங்குகிறது.

வழக்கமான சுவரொட்டி நான்காவது படியை மட்டும் வரைகிறது. விளைவு என்ன? பார்ப்பவர் தன் காலைக் குனிந்து பார்க்கிறார், நன்றாகத்தான் இருக்கிறது, நகர்ந்துவிடுகிறார். பொதுமக்கள் எல்லோருக்கும் கொடுக்கும் மாத்திரை குறிவைப்பதோ மூன்றாவது படியில் இருப்பவரை. ரத்தத்தில் உலவும் குஞ்சுகளை அது கொல்லும். முதிர்ந்த புழுக்கள் அனைத்தையும் ஒரே தடவையில் கொன்றுவிடாது. ஆகவேதான் ஆண்டுக்கொருமுறை, தொடர்ந்து சில ஆண்டுகள். இரண்டு வயதுக்கு உட்பட்டவர்கள், கர்ப்பிணிகள், கடும் நோயில் இருப்பவர்கள் தவிர மற்ற எல்லோரும் விழுங்கினால்தான் சங்கிலி அறும். யானைக்காலை ஒழிக்க நாட்டின் இலக்கு 2027. மகாராஷ்டிரத்தில் இது முக்கியமாக கட்சிரோலி, சந்திரபூர், பண்டாரா போன்ற விதர்ப்ப மாவட்டங்களின் பாடு. மும்பையில் இருப்பவர்களுக்கோ அங்கே வேலைக்குப் போகும்போதோ சொந்த ஊரிலோ கேள்வியாக வந்து நிற்கும்.

இதே படத்தால் இன்னொரு குழப்பமும் வருகிறது. வீங்கிய காலையும் மாத்திரையையும் பக்கத்தில் பக்கத்தில் வரைந்தால், மாத்திரை விழுங்கினால் வீக்கம் வடியும் என்றுதான் யாரும் படிப்பார்கள். நாலைந்து ஆண்டு விழுங்கியும் வடியாதபோது, மருந்தே ஏமாற்று என்று பேச்சு கிளம்பும். வீக்கம் வந்தவருக்கு வேண்டியது வேறு படம்: சோப்புப் போட்டுக் காலைக் கழுவுவது, விரலிடுக்குகளைத் துணியால் ஒற்றி உலர்த்துவது, உட்காரும்போது காலை உயர்த்தி வைப்பது. விரலிடுக்குப் புண் வழியாகக் கிருமி நுழைந்துதான் காய்ச்சலும் வலியும் மறுபடி மறுபடி வந்து வீக்கத்தைக் கூட்டுகின்றன. கழுவி உலர்த்தும் படத்தில் பயமுறுத்த ஒன்றுமில்லை. அதனாலேயே சுவரொட்டி வடிவமைப்பவர்களுக்கு அது சப்பென்று தோன்றுகிறதோ என்னவோ.

மூன்றாவது படியை எப்படி வரைவது? ஆரோக்கியமாகத் தெரியும் ஓர் ஆள் தூங்குகிறார். காலின் ஒரு சிறு பகுதி மட்டும் ஜன்னல்போல் திறந்து, உள்ளே நிணநீர்க் குழாயில் நூல்போன்ற புழு சுருண்டிருப்பது தெரிகிறது. முகத்தில் நோயின் சாயலே இல்லை. மாத்திரை நிற்கவேண்டியது அந்தப் படத்துக்குப் பக்கத்தில்.

விழுங்கியபின் சிலருக்குத் தலைவலியும் காய்ச்சலும் வருவதையும் வரையலாம். உடலில் குஞ்சுகள் செத்து விழுவதால் வருவது அது. புழு இருந்தவருக்குத்தான் அதிகம் வரும். இதைப் படம் முன்கூட்டியே சொல்லிவிட்டால், "மாத்திரை போட்டதால் நோய் வந்தது" என்ற வதந்திக்குக் கால் முளைக்காது.

தேமலா, வெண்புள்ளியா, தொழுநோயா

இரண்டாவது கேள்வி இன்னும் சிக்கலானது. இங்கே ஓவியருக்கு வண்ணமும் சவால், தமிழும் சவால்.

வெண்புள்ளியை "வெண்குஷ்டம்" என்று வெகுகாலம் சொல்லிவந்தோம். அதற்கும் தொழுநோய்க்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. அது தொற்றாது. ஆனாலும் பெயரிலேயே குஷ்டம் ஒட்டிக்கொண்டிருந்ததால் எத்தனையோ பெண்களின் கல்யாணம் தடைபட்டது. நல்ல மருத்துவ ஓவியம் மூன்றையும் ஒரே தாளில், ஒரே மாநிறத் தோலில், பக்கத்தில் பக்கத்தில் வைக்கும்.

தேமல்: மெல்லிய செதில், நகத்தால் சுரண்டினால் மாவுபோல் உதிரும். உணர்ச்சி இருக்கும்.

வெண்புள்ளி: பால்போல் முழு வெண்மை, விளிம்பு தெளிவு. உணர்ச்சி இருக்கும்.

தொழுநோய்ப் படை: சுற்றியுள்ள தோலைவிட வெளிறியது அல்லது செம்பு நிறம், ஒருபோதும் முழு வெள்ளையல்ல. வறண்டிருக்கும், முடி உதிர்ந்திருக்கும். தொட்டால் தெரியாது.

கடைசி வரியில்தான் ஓவியம் திணறுகிறது. உணர்வின்மையை எப்படி வரைவது? அது கண்ணுக்குத் தெரிகிற பொருளல்ல. தொழுநோய் வேலையில் இருப்பவர்கள் செய்யும் சோதனையையே வரைவதுதான் வழி. ஒருவர் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறார். இன்னொருவர் பஞ்சு நுனியால் முதலில் நல்ல தோலைத் தொடுகிறார். அந்த இடத்தைக் கண்மூடியிருப்பவர் விரல்வைத்துக் காட்டுகிறார். அடுத்து படையைத் தொடுகிறார். விரல் அசையாமல் நிற்கிறது. இரண்டு கட்டம், எழுத்தே வேண்டாம். முழங்கையின் உட்பக்கம் ஓடும் நரம்பு கயிறுபோல் தடித்திருப்பதை மூன்றாவது கட்டத்தில் சேர்க்கலாம்.

வண்ணச் சிக்கல் வேறு. மேலைநாட்டுப் பாடநூல்களில் தோல்நோய்ப் படங்கள் பெரும்பாலும் வெள்ளைத் தோலில் இருந்தன. அங்கே சிவப்பாகத் தெரியும் படை, நம் தோலில் செம்பாகவோ கருஞ்சிவப்பாகவோ தெரியும். சில சமயம் தெரியவே தெரியாது. 2021 டிசம்பரில் நைஜீரியாவைச் சேர்ந்த சிடிபெரே இபே வரைந்த ஒரு படம், கருவறையில் கறுப்புக் குழந்தை, உலகெங்கும் பரவியது. அப்படியொரு படத்தை இதுவரை பார்த்ததே இல்லை என்று ஏராளமானோர் சொன்னார்கள். நம் பக்கம் இன்னொரு தொல்லையும் சேர்கிறது: ஃப்ளெக்ஸ் அச்சு. மாநிறத்தில் சற்றே வெளிறிய படை என்பது நுட்பமான வேறுபாடு. மலிவான அச்சில் அது ஒன்று மறைந்துபோகும் அல்லது பளீரென வெள்ளையாகிவிடும். வெள்ளையானால் அது வெண்புள்ளி. நல்லெண்ணத்தோடு ஒட்டிய சுவரொட்டி, தவறான ஆட்களைப் பீதிக்குள்ளாக்கும்.

இந்தியாவில் இன்றும் ஆண்டுக்குச் சுமார் ஒரு லட்சம் பேருக்குப் புதிதாகத் தொழுநோய் கண்டறியப்படுகிறது. கூட்டுமருந்து இலவசம், 6 மாதம் அல்லது 12 மாதம் சாப்பிட்டால் குணமாகும். மடங்கிய விரலைத் திரும்ப நிமிர்த்த மாத்திரையால் ஆகாது. எனவே படம் காட்டவேண்டியது விரல் மடங்குவதற்கு ஐந்து ஆண்டு முன்னால் இருந்த கையை. வடாலாவில் 1890-ல் தொடங்கிய அக்வொர்த் தொழுநோய் மருத்துவமனை, வீடற்ற நோயாளிகளை ஒதுக்கிவைப்பதற்கென்று எழுந்தது. அந்தக் காலத்தில் மருந்தில்லை, மடங்கிய விரல்தான் நோயின் முகம். மருந்து வந்த பிறகும் படம் மட்டும் அந்தக் காலத்திலேயே நிற்கிறது.

இரண்டு புள்ளிகளின் பொய்

பாம்புக்கடி 2017-ல் பட்டியலுக்கு வந்தது. இந்தியாவில் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியால் இறப்பதாக 2000 முதல் 2019 வரையிலான காலத்தை ஆராய்ந்த கணக்கு சொல்கிறது. படத்தில் இதற்கு ஒரே அடையாளம்: காலில் இரண்டு சிவப்புப் புள்ளிகள், மேலே சீறும் நாகம்.

கட்டுவிரியன் கடி பெரும்பாலும் இப்படி இருப்பதில்லை. இரவில், தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும். வலி குறைவு, பல் பதிந்த தடமே தெரியாமலும் போகலாம். விடியற்காலையில் வயிற்றுவலி, கண் இமை தானாகக் கீழிறங்குவது, நாக்குக் குழறுவது. இரண்டு புள்ளிகளைத் தேடிக் காணாத குடும்பம், வாயுத் தொல்லை என்று சோடா வாங்கப் போகும். இங்கே ஓவியர் வரையவேண்டியது பாம்பை அல்ல, இமை சரிந்த முகத்தை. கூடவே, இறுக்கிக் கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது மூன்றும் கூடாது. கடிபட்ட இடத்தை அசைக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். இங்கே கிடைக்கும் நச்சுமுறிவு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நான்குக்கும் பொதுவானது. பாம்பைத் தேடி அடித்து எடுத்துவர வேண்டியதில்லை.

மராத்தி வாசகம், தமிழ்க் கண்

மும்பைச் சுவரொட்டியில் "குஷ்டரோக்", "ஹத்திரோக்" என்று மராத்தியில் இருக்கும். லேபர் கேம்ப்பில் இருக்கும் திருநெல்வேலிப் பாட்டிக்கு மராத்தி பேச வரும், படிக்க வராது. அவருக்கு முழுச் செய்தியும் படத்திலிருந்தே கிடைத்தாக வேண்டும். ஆகவே அச்சுக்குப் போகுமுன் எழுத்தை மறைத்துவிட்டுப் படத்தை மட்டும் பத்துப் பேரிடம் காட்டிக் கேட்பது அவசியம்.

1. இதில் என்ன நடக்கிறது? (இது என்ன நோய் என்று கேட்கக் கூடாது. அந்தக் கேள்வியே விடையை ஊட்டிவிடும்.)

2. இந்த ஆள் யார்? உங்களைப் போன்றவரா, வேறு யாரோவா?

3. இதைப் பார்த்தபின் என்ன செய்வீர்கள்?

கொசு, புழு, மனிதன், மறுபடி கொசு என்று வட்டமாக அம்புக்குறி போடும் படங்கள் இந்தச் சோதனையில் தடுமாற வாய்ப்பு அதிகம். வட்டமாகச் சுழலும் அம்பு பள்ளிக்கூடத்தில் கற்றுக்கொள்ளும் ஒரு மொழி. அது எங்கே தொடங்குகிறது என்பது படிக்காதவருக்குத் தெரியாது. சினிமாப் படக்கதைபோல் இடமிருந்து வலமாக நான்கு கட்டங்கள் போட்டால் போதும். அதேபோல் செய்யக் கூடாததன் மேல் போடும் பெருக்கல் குறி. அது தள்ளி நின்றால் வரைந்த காரியத்தையே செய்யச் சொல்வதாகக் கண் எடுத்துக்கொள்ளும். படத்தையே வெட்டிச் செல்லும்படி தடித்துப் போடவேண்டும்.

இரண்டாவது கேள்விக்கு வரும் விடைதான் பெரும்பாலும் படத்தைத் திருத்தவைக்கும். "வேறு யாரோ" என்று வந்தால், உடையிலும் முகத்திலும் வீட்டிலும் எங்கோ தவறு. தரைப்பாயும் பிளாஸ்டிக் குடமும் இருக்கவேண்டிய இடத்தில் கட்டிலும் மேஜைவிளக்கும் இருக்கும்.

திருத்தச் சொல்லி யாரைத் தேடுவது என்பது வேறு சங்கடம். சுவரொட்டியின் அடியில் துறையின் சின்னம் இருக்கும், தலைவர்களின் முகங்கள் இருக்கும், சில சமயம் அச்சகத்தின் பெயரும் இருக்கும். வரைந்தவர் பெயர் இருக்காது. கார்ட்டருக்காவது சிறிய எழுத்தில் போட்டார்கள்.